முன் வந்தோரும் பின் வந்தோரும்

ஒரு குடியிருப்பில் எத்தனை பேர் வாழலாம் என்பது பொறியாளர் விடை கூற வேண்டிய வினா. சாலையின் அகலம், கால்வாயின் ஆழம், குடிநீர்க் குழாயின் விட்டம் ஆகியவற்றைக் கணக்கிட்டு அவர் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். ஆயினும், அவ்வினாவின் பின்னால் மற்றொரு வினா மறைந்து நிற்கிறது. இங்கே யார் வாழலாம், யார் வாழலாகாது என்பதே அது. இதனை அளக்கும் கோல் பொறியாளரிடம் இல்லை. அவரவர் நெஞ்சமே விடை கூற வேண்டும். மக்கட்பெருக்கத்தைப் பற்றிப் பேசும்பொழுதெல்லாம் நாம் முதல் வினாவை ஆராய்வதாக எண்ணிக்கொண்டு, உண்மையில் இரண்டாம் வினாவுக்கே விடை கூறிக்கொண்டிருக்கிறோமோ என்னும் ஐயம் எனக்குச் சில காலமாக உண்டு.

இந்த ஐயத்தை எழுப்பியது ஒரு மனு. நான் குடியிருக்கும் தாமான் பூச்சோங் வட்டாரத்தில் உள்ளது. அதன் எல்லையில் கிடக்கும் வெற்று நிலத்தில் கட்டுப்படி விலை அடுக்குமாடி வீடுகள் இரண்டு தொகுதிகளாக எழவிருப்பதாக அறிவிப்புப் பலகை நடப்பட்டது. ஒரு வாரத்திற்குள் எங்கள் தெருவில் மறுப்பு மனு ஒன்று வலம் வந்தது. ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியரான என் அண்டை வீட்டார் அதனை என்னிடம் கொண்டுவந்து, “ஐயா, தலைமையாசிரியர் கையெழுத்து இருந்தால் மனுவுக்குத் தனி மதிப்பு” என்றார். மனுவில் நான்கு காரணங்கள் கூறப்பட்டிருந்தன. சாலை தாங்காது, கால்வாய் தாங்காது, பள்ளிகளில் இடமில்லை, புதியவர்கள் வந்தால் குடியிருப்பின் தரம் குறைந்து வீட்டு விலை சரியும். மனுவைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறி வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

மக்கள் பெருகிவிட்டார்கள் என்னும் கூற்றை முதலில் எண்ணிப் பார்ப்போம். 1970ஆம் ஆண்டு மலேசியாவின் மக்கள்தொகை ஒரு கோடியை ஒட்டியிருந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 3 கோடியே 24 இலட்சமாயிற்று. சிலாங்கூர் மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 70 இலட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 23 இலட்சம் பேர் பெட்டாலிங் மாவட்டத்தினர். கோலாலம்பூரில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 2020ஆம் ஆண்டில் அந்த அளவு நூறைக்கூட எட்டியிருக்கவில்லை. எனவே, நாட்டில் இடமில்லை என்பது உண்மையன்று. நாம் அனைவரும் ஒரே இடத்தை நாடி வந்திருக்கிறோம் என்பதே உண்மை.

இப்பெருக்கம் தொட்டிலிலிருந்து வந்ததா? 1970ஆம் ஆண்டு வாக்கில் நம் நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள். இன்று அது இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தியர் குடும்பங்களில் அதனினும் குறைவு. முதலாம் ஆண்டு மாணவர் பதிவைக் கண்காணிக்கும் எந்தத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கும் இதைப் புள்ளிவிவரம் கொண்டு மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பிறப்பு குறைகின்ற காலத்திலேயே புறநகர் நிரம்புகின்றதெனில், பெருகுவது பிறந்தவர் தொகை மட்டுமன்று, வந்தவர் தொகையும்தான் என்பது தெளிவு. பிறப்பைக் குறை கூறுவோர் பிறரைக் குறை கூறலாம். வரவைக் குறை கூறுவோர், தாமும் வந்தவரே என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை மட்டுமே அறத்துக்கு அளவுகோலாகாது என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. 1966ஆம் ஆண்டு தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைக்கப்பட்டது. அளவான குடும்பமே நாட்டுக்கு நலம் என்று நமக்கு எடுத்துரைக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் நிறைவதற்குள், 1984ஆம் ஆண்டில், நாட்டின் மக்கள்தொகை காலப்போக்கில் 7 கோடியாக வளர வேண்டும் என்பது அரசின் கொள்கையாயிற்று. முன்னது வறுமையை எண்ணிச் செய்தது. பின்னது தொழில் வளத்தையும் உள்நாட்டுச் சந்தையையும் எண்ணிச் செய்தது. இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்தவையாகவே இருக்கலாம். ஆனால், ஒரே பிள்ளை ஒரு காலத்தில் சுமையாகவும் மற்றொரு காலத்தில் செல்வமாகவும் மதிக்கப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது. மால்தஸ் 1798ஆம் ஆண்டு தம் கட்டுரையை வெளியிட்டது தொட்டு, மக்கள் எத்தனை பேர் என்னும் கேள்வி உலகை அச்சுறுத்தி வருகிறது. அவர்களுக்கு நாம் எவ்வாறு இடம் வகுத்தோம் என்னும் கேள்வியோ பல வேளைகளில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

இங்கே என் இளமையைச் சற்று நினைவுகூர வேண்டியுள்ளது. நான் பிறந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மரங்கள். ஏக்கர் கணக்கில் திறந்தவெளி. ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்று யாரேனும் கணக்கிட்டிருந்தால், விரிந்து பரந்து வாழ்ந்தவர்கள் என்றே எங்களைக் குறித்திருப்பார்கள். ஆனால், அந்த வீட்டில் ஓர் அறையும் ஒரு சிறு கூடமுமே இருந்தன. அதில் பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என எண்மர் உறங்கினோம். அக்காள் உடை மாற்ற வேண்டுமானால் ஆண்கள் அனைவரும் வெளியே சென்று நிற்க வேண்டும். தேர்வுக் காலத்தில் நான் படித்தது வீட்டிலன்று, கோயில் திண்ணையில்.

நெருக்கம் இருவகைப்படும் என்பதை அந்த வாழ்வு எனக்குக் கற்பித்தது. நிலத்தில் பலர் வாழ்வது ஒன்று. அறையில் பலர் அடைபடுவது மற்றொன்று. ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1961ஆம் ஆண்டு நகர வாழ்வு பற்றி எழுதிய நூலில் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பலாகாது என்று வலியுறுத்தினார். ஓர் ஏக்கரில் பல வீடுகள் இருப்பது வாழ்வுக்குக் கேடன்று. உயிரோட்டமுள்ள நகரங்கள் பலவும் அவ்வாறு அமைந்தவையே. ஒரே அறையில் பலர் முடங்குவதே மாந்தரின் நாணத்தையும் நலத்தையும் குலைப்பது. ஆதலின், அடுக்குமாடி எழுவதால் நிலத்தில் நெருக்கம் மிகுகிறது என்று மனு எழுதும் நாம், அதே அடுக்குமாடியால் எங்கோ ஓர் அறையில் நெருக்கம் தணிகிறது என்பதையும் எண்ண வேண்டும். மக்கள் வீடமைப்புத் திட்ட வீடு ஒன்றின் பரப்பு சுமார் 700 சதுர அடி, படுக்கையறைகள் மூன்று. நமக்கு அது சிறிதாகத் தோன்றலாம். கடைவீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கணவன், மாமியார், மூன்று பிள்ளைகள் ஆகியோருடன் குடியிருக்கும் ஒரு தாயை நான் அறிவேன். அவருடைய மகள் எங்கள் பள்ளி மாணவி. வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்று கேட்டபொழுது, “விளக்கை அணைத்துவிடுவார்கள் ஐயா, அப்பாவுக்கு இரவு வேலை முடிந்து தூங்க வேண்டும்” என்றாள். அந்தத் தாய் கட்டுப்படி விலை வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்.

எங்கள் வட்டாரத்தின் கதையும் ஈண்டுக் கூறத்தக்கதே. பூச்சோங் முன்னர் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்த பகுதி. தோட்டங்கள் கைமாறின, மரங்கள் வீழ்ந்தன, தாமான்கள் எழுந்தன. 1999ஆம் ஆண்டு டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு இலகு ரயில் இவ்வழியே பூத்ரா ஹைட்ஸ் வரை நீண்டது. ஒவ்வொரு பாதையும் மேலும் பலரைக் கொண்டுவந்தது. அவ்வாறு வந்தவர்களுள் நானும் ஒருவன். என் தரைவீடு நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் யாரோ ஒரு தொழிலாளி பால்மரம் சீவியிருப்பார். நான் குடியேறியபொழுது, ‘இவனும் வந்துவிட்டானே’ என்று எனக்கு முன் வந்தவர் எவரேனும் முணுமுணுத்திருக்கக்கூடும். அவர் மனு எழுதவில்லை. அதனால் எனக்கு வீடு கிடைத்தது. பெட்டாலிங் ஜெயாவின் பிறப்பும் இத்தகையதே. கோலாலம்பூரில் புறம்போக்கு நிலங்களில் நெருங்கி வாழ்ந்த மக்களுக்கு இடம் தருவதற்காகவே 1950களின் தொடக்கத்தில் அந்நகர் உருவாக்கப்பட்டது. வீடற்றோருக்காகப் பிறந்த ஊர் இன்று வீட்டு விலையால் பெயர் பெற்றிருக்கிறது.

முன்னே வந்தவனுக்குப் பின்னே வருபவனைத் தடுக்கும் உரிமை உண்டா? இது பழைய வினா. ஜெர்மானிய மெய்யறிஞர் கான்ட் 1795ஆம் ஆண்டு நிலைத்த அமைதி பற்றி எழுதிய நூலில் ஓர் எளிய உண்மையைச் சுட்டினார். உலகம் உருண்டை, அதன் பரப்பு எல்லையுடையது, மாந்தர் எல்லையின்றிச் சிதறி வாழ இயலாது, எனவே, ஒருவர் அருகில் ஒருவர் வாழ்வதைப் பொறுத்தே தீர வேண்டும். மண்ணின் எப்பகுதியிலும் இருப்பதற்கு ஒருவருக்கு மற்றவரைவிட முதலுரிமை தொடக்கத்தில் இருந்ததில்லை என்பது அவர் கருத்து. அவர் இதிலிருந்து பெற்ற முடிவு அளவானதே. அயல்நாட்டார்க்கு விருந்தினராய் வந்து செல்லும் உரிமையை அவர் வகுத்தாரே தவிர, விரும்பிய இடத்தில் குடியேறும் உரிமையை வகுத்தாரல்லர். ஆயினும், நாம் பேசுவது அயல்நாட்டாரைப் பற்றியன்று. ஒரே நாட்டுக் குடிமக்கள், ஒரே சந்தையில் காய்கறி வாங்குவோர், ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவோர் ஆகியோரைப் பற்றியே பேசுகிறோம். விருந்தினருக்கே உரிமை உண்டெனில், உடன் வாழும் குடிமகனுக்கு எவ்வளவு உண்டு?

தமிழர் நாம் இதில் மேலும் நாணத் தக்கவர்கள். கணியன் பூங்குன்றனாரின் வரியை மேடைதோறும் முழங்குகிறோம்; திருமண அழைப்பிதழிலும் அச்சிடுகிறோம். அவ்வரி நம் தெருமுனைக்கு வந்து வீடு கேட்டால் மட்டும் மறுப்பு மனு எழுதுகிறோம். வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஒரு தனி அதிகாரமே வகுத்தார். ஊரார் நீருண்ணும் குளத்தையும் ஊர் நடுவே பழுத்த மரத்தையும் அதில் உவமை காட்டினார். இரண்டும் ஊருக்குப் பொதுவானவை. எனக்கு முன் பருகியவர் எவர் என்று வினவாதவை.

எனினும், மனுவை எழுதியவர்களைத் தன்னலக்காரர் என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. அவர்கள் கூறிய காரணங்களுள் முதல் மூன்றும் மெய்யானவை. பெருமழை பெய்தால் எங்கள் தாமானின் தாழ்ந்த பகுதியில் கணுக்கால் அளவு நீர் நிற்கிறது. காலை ஆறரை மணிக்கு வெளியே புறப்படும் வாகனம் முதன்மைச் சாலையை அடையக் கால் மணி நேரம் ஆகிறது. எங்கள் பள்ளியிலோ நூலகத்தின் பாதி வகுப்பறையாகிவிட்டது. ஊருணி பொதுவானதுதான், ஆனால், நீர் வரத்தைப் பெருக்காமல் குடங்களை மட்டும் பெருக்கினால், கடைசியில் வருபவருக்குச் சேறே மிஞ்சும். வரவேற்பு என்னும் பெயரால் வந்தவரையும் இருந்தவரையும் ஒருங்கே வருத்துவது அறமாகாது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் அண்டை நில உரிமையாளரின் மறுப்பைக் கேட்பதற்கு வழி வகுத்திருப்பதும் இந்த நியாயத்தை ஏற்றுத்தான்.

இங்குப் பள்ளியைப் பற்றி இரண்டொரு சொல் கூறுவது பொருந்தும். 1957ஆம் ஆண்டில் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை ஐந்நூற்றுச் சொச்சமே. அவற்றுள் பல, மாணவர் தொகை 150ஐ எட்டாத குறைந்த மாணவர் பள்ளிகள். நான் முன்னர்ப் பணியாற்றிய தோட்டப்பள்ளியில் ஆண்டுக்கு ஆண்டு மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதே என் முதன்மை வேலையாயிற்று. அப்பள்ளியில் அறைகள் வெறுமையாய்க் கிடந்தன. இப்பொழுது நான் பணியாற்றும் பள்ளியில் நாற்காலி போட இடமில்லை. வெறுமை, நெருக்கடி ஆகிய இரண்டின் கீழும் நான் மணியடித்திருக்கிறேன். இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள். மக்கள் இடம் பெயர்ந்தார்கள்; அவர்களுக்கு உரிய கட்டடமும் காசும் அதே வேகத்தில் பெயரவில்லை. இதில் மக்கள் செய்த பிழை யாது?

இரு நியாயங்கள் மோதும்பொழுது என்ன நேரும் என்பதற்குக் கோலாலம்பூரில் நிகழ்ந்த ஒரு வழக்கு தக்க சான்று. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் உள்ள ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் வானளாவிய அடுக்குமாடிகளில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்ட 2017ஆம் ஆண்டு ஒப்புதல் வழங்கப்பட்டது. அவற்றுள் 350 வீடுகள் கட்டுப்படி விலை வீடுகள். பழைய புக்கிட் கியாரா தோட்டத்தின் தொழிலாளர் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்திலிருந்து ரூமா பாஞ்சாங் எனப்படும் நீண்ட வீடுகளில், நிலையான வீட்டை எதிர்நோக்கிக் காத்திருந்தன. அவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட வீடு இத்திட்டத்தோடு பிணைக்கப்பட்டது. பூங்காவைக் காக்கக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாகக் குறித்த நகர அமைப்புத் திட்டத்தை மாநகர நிர்வாகம் காரணமின்றிப் புறக்கணிக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பூங்கா காக்கப்பட்டது நன்று. பூங்காவும் ஓர் ஊருணியே. ஆனால், தீர்ப்பு நாளன்று அத்தோட்டத்துக் குடும்பங்கள் நாற்பது ஆண்டுகளாகக் காத்திருந்தன என்பதும் உண்மை. பூங்காவுக்காகப் போராடியவர்களுள் பலர், அம்மக்களுக்கு வீடு தருவதைத் தாங்கள் எதிர்க்கவில்லை என்றே கூறினர். அவ்வாறாயின் குற்றம் எங்கே? சில நூறு ஏழைகளின் வீட்டை ஆயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனை வீடுகளோடு ஒரே முடிச்சாகப் போட்டதில்தான். முடிச்சை அறுப்பவர் ஏழையின் வீட்டையும் அறுத்தவராகிறார். முடிச்சைக் காப்பவர் பூங்காவை அழித்தவராகிறார். நெருக்கத்தைப் பற்றிய வழக்குகளில், இந்த வீடு யாருக்காக என்று கேட்காமல் இங்கே எத்தனை வீடு என்று மட்டும் கேட்பதால் வரும் கேடு இது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின் எனக்குக் கிடைத்த தெளிவு இதுதான். முன் வந்தோருக்கு உரிமை உண்டு. நீர் தேங்காத தெருவும், பிள்ளைகள் ஓடியாடும் திடலும், அமரத்தக்க வகுப்பறையும் கேட்கும் உரிமை அது. ஆனால், அவ்வுரிமை பொதுப்பொருளின் தரத்தைப் பற்றியது; அண்டையில் வருபவரின் தரத்தைப் பற்றியதன்று. கால்வாயை அகலப்படுத்துக என்று கேட்பவர், வருபவருக்காகவும் சேர்த்தே கேட்கிறார். இவர்கள் வந்தால் எங்கள் தரம் குறையும் என்று எழுதுபவரோ, தம் மதிலை உயர்த்த மாற்றாரின் மானத்தை இடிக்கிறார். முன்னது முறையீடு, பின்னது இழிவுபடுத்தல். ஒரே தாளில் இரண்டும் எழுதப்பட்டால், பின்னது முன்னதின் நியாயத்தையும் உண்டு தீர்த்துவிடும்.

பின் வருவோருக்கும் கடமை உண்டு. நெருங்கி வாழ்தல் ஒரு கலை. அது தானாக வந்துவிடாது. மேல்மாடியிலிருந்து குப்பையை வீசாமை, மின்தூக்கியைப் பாழாக்காமை, பராமரிப்புக் கட்டணத்தை உரிய காலத்தில் செலுத்துதல், இரவில் ஒலியை அடக்குதல் ஆகியவை சிறு செயல்களாகத் தோன்றும். சுவர் மெலிந்த இடத்தில் அவையே பேரறங்கள். குளிர்காலத்து முள்ளம்பன்றிகளைப் பற்றி ஷோப்பன்ஹவர் 1851ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஓர் உவமைக் கதை கூறினார். குளிர் தாங்காது அவை நெருங்கின. முள் குத்தவே விலகின. பலமுறை முயன்று, முள்ளும் குத்தாத, குளிரும் கொல்லாத ஓர் இடைவெளியைக் கண்டன. மாந்தர்க்கு அவ்விடைவெளி நன்னடத்தையே என்பது அவர் கருத்து. லயத்து வீட்டில் எண்மர் வாழ்ந்த எங்களுக்குச் சுவர் தராத இடைவெளியை, அக்காளுக்காக எழுந்து வெளியே சென்ற அந்தப் பழக்கம் தந்தது. இடம் இல்லாத இடத்திலும் மனிதன் மனிதனுக்கு இடம் தர முடியும்.

அதற்காக, பண்பு இருந்தால் போதும், இடம் வேண்டா என்று யாரும் பொருள் கொள்ளலாகாது. நாங்கள் எண்மரும் பண்போடு வாழ்ந்தோம் என்பது லயத்தைக் கட்டியவர்களுக்குப் பெருமையாகாது. ஏழையின் பொறுமையைக் காட்டி அவனுக்குரிய சதுர அடியைக் குறைப்பது நெடுங்காலமாக நடந்துவரும் ஓர் அநீதி. வீடமைப்புப் பகுதியில் பத்து விழுக்காடு நிலம் திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்பது நம் திட்டமிடல் நெறி. அந்த நெறி அடுக்குமாடியில் வாழ்வோருக்கே முதலில் தேவை. முற்றம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் திடல்தான் முற்றம்.

மறுநாள் மாலை மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். அதில் கையெழுத்திடவில்லை. நான்காம் காரணத்தை நீக்கி, முதல் மூன்றையும் கோரிக்கைகளாக மாற்றி எழுதிய வேறொரு தாளை அதனுடன் இணைத்திருந்தேன். வீடுகள் எழுவதற்கு முன் கால்வாய் அகலப்பட வேண்டும். திடலுக்குரிய நிலம் திடலாகவே இருக்க வேண்டும். வட்டாரப் பள்ளிகளுக்குக் கூடுதல் வகுப்பறைகள் வேண்டும். இவை நிறைவேறினால் புதிய வீடுகளை வரவேற்கிறோம் என்று அதில் எழுதியிருந்தேன். அண்டை வீட்டார் படித்துவிட்டு, “ஐயா, ‘வரவேற்கிறோம்’ என்ற சொல் வேண்டாமே” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதினேன் என்றேன். அவர் முகம் வாடியது. எங்கள் தெருவில் என் தாளில் கையெழுத்திட்டவர்கள் ஐவர். முதல் மனுவில் இட்டவர்கள் அறுபதுக்கும் மேல். இரண்டும் ஒரே அலுவலகத்தில் சேர்க்கப்பட்டன.

அண்டை வீட்டார் இன்றும் என்னைக் கண்டால் வணக்கம் கூறுகிறார். முன்போல் நின்று பேசுவதில்லை. அவருடைய அச்சத்தை நான் இகழவில்லை. வாழ்நாள் சேமிப்பை ஒரு வீட்டில் வைத்தவர் அவர்; அதன் விலை சரியும் என்னும் கவலை எளியதன்று. ஆயினும், அவர் தந்தையும் தோட்டத்தில் பால் வாளி சுமந்தவரே. நாம் ஏறி வந்த ஏணியின் கீழே இன்னும் சிலர் நிற்கிறார்கள். ஏணி பழுதடைந்திருந்தால் அதனைச் செப்பனிடச் சொல்வோம். நாம் ஏறிவிட்டோம் என்பதற்காக அதனை எடுத்துவிடச் சொல்லலாமா? கடைவீட்டு மாடியில் விளக்கணைந்த அறையில் வீட்டுப்பாடம் எழுத முடியாமல் அமர்ந்திருக்கும் அந்தச் சிறுமியை மனத்தில் நிறுத்தி, நாம் ஒவ்வொருவரும் இவ்வினாவுக்கு விடை காண்போமாக.